ஆடிக் காற்றில் டென்ட் நிற்க

வீராணம் ஏரியின் கிழக்குக் கரைக்குக் கீழே, மாமாவின் தரிசு வயலில் நானும் தம்பியும் டென்ட் போட்டோம். (கரைமேல் வேண்டாம், வண்டி போகும் சாலை.) 10ஆம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி, அவ்வளவு தண்ணீரையும் தாண்டித் தடையில்லாமல் வந்து அறைந்தது மேல்காற்று. "யக்கா, முளை நிக்கல!" வெடித்த களிமண்ணில் கம்பி முளை எப்படி நிற்கும்? கடையில் தருவது புல்தரைக்குத்தான் லாயக்கு.

முளைக்குப் பதில் சாக்கைப் புதைத்தோம். காலி உரச் சாக்கில் பாதி மண் நிரப்பி, நடுவில் கயிற்றை இறுக்கிக் கட்டணும். முழங்கை ஆழப் பள்ளத்தில், கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்கவைக்கணும்; நீளவாக்கில் வைத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். கயிறு வெளியேற ஒரு சரிவான கீறல் போதும். மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து மிதித்தால் களி இறுகிவிடும்.

டென்ட்டின் தாழ்ந்த பக்கம் மேற்கே, வாசல் கிழக்கே. ராத்திரி முழுக்கக் கயிறு அசையவில்லை. துணி படபடத்ததில் தூக்கமும் வரவில்லை, அது வேறு. கிளம்பும்போது சாக்குகளைத் தோண்டி எடுத்துவிடுங்கள். உழவுக்கு வரும் டிராக்டர் கலப்பையில் சிக்கும்.