குடித்தனக்காரர் விட்டுப்போன சாமான்களை என்ன செய்வது?

வாடகை நீதிமன்ற உத்தரவோடு அமீனா (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியர்) வந்து வீட்டை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். உள்ளே பீரோ, கட்டில், மூட்டை முடிச்செல்லாம் அப்படியே கிடக்கின்றன. வீடுதான் உங்கள் வசம் வந்திருக்கிறது, சாமான்கள் இன்னும் குடியிருந்தவருடையவை. வாடகை பாக்கிக்கு ஈடாக ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314ஆவது பிரிவில் கையாடல் புகார் வர இடமுண்டு.

கோர்ட் உத்தரவு இல்லாமல் நீங்களே பூட்டு போட்டிருந்தால் இந்தப் படிகள் பொருந்தாது, முதலில் வக்கீலைப் பாருங்கள். குடியிருந்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வர 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டம் (Specific Relief Act) வழி வைத்திருக்கிறது.

படி 1: பட்டியல்

இதில் அவசரமே கூடாது. ஒரு பொருளையும் நகர்த்தாமல், அமீனா இருக்கும்போதே அறை அறையாக வீடியோ எடுங்கள். உறவுக்காரர் அல்லாத இருவரைச் சாட்சி வைத்து எழுதுங்கள். 'பாத்திரங்கள்' என்று மொத்தமாக எழுதாதீர்கள். 'எவர்சில்வர் குடம் 2, பெயர் வெட்டியது', 'பீரோ 1, பூட்டியது, சாவி இல்லை' என்று எழுதுங்கள். பூட்டியதை உடைக்க வேண்டாம். அரிசி டிரம்மைச் சாட்சிகள் முன்னால் மட்டும் திறங்கள்; நம் வீடுகளில் நகை அதற்குள்ளும் இருக்கும். பிறகு எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

படி 2: பிரிப்பது

ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் டிசி, மருந்துச்சீட்டு எல்லாம் தனி உறையில். இவற்றை அன்றே கொடுத்தனுப்பப் பாருங்கள், ஒரு குழந்தையின் பள்ளிச் சேர்க்கை இதனால் நிற்கக் கூடாது. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அழுகியதைப் படமெடுத்துவிட்டு எறியலாம்.

படி 3: பத்திரம்

மழை படாத ஓர் அறையில் பூட்டி வையுங்கள். பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர் அதைத் தன் பொருள்போலக் கவனிக்க வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம் 151ஆவது பிரிவு.

படி 4: நோட்டீஸ்

பட்டியலின் நகலோடு ஸ்பீட் போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். எங்கே, எந்த நேரத்தில், எந்தத் தேதிக்குள் எடுக்கலாம் என்று தெளிவாக இருக்கட்டும். நான் 30 நாள் கொடுக்கச் சொல்வேன். பாக்கியைக் கட்டினால்தான் தருவேன் என்று எழுதாதீர்கள்.

படி 5: ஒப்படைப்பு

வந்தால் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். வராவிட்டால் நீங்களாக விற்காதீர்கள். வக்கீல் மூலம் அதே நீதிமன்றத்தில் மனு போட்டு, ஏலமா, வேறு வழியா என்று உத்தரவு வாங்குங்கள். அட்வான்ஸ் கணக்கை இதோடு கலக்க வேண்டாம்: 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.