பழைய பெடியளின் பள்ளிக்கூடக் கதைகளைச் சேர்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் மலரை நிரப்புகிற வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? ஒருவரிடமும் ‘கட்டுரை ஒன்று எழுதித் தாங்கோ’ என்று கேட்காதீர்கள். கேட்டால் அதிபரின் பெருந்தன்மையும் மரநிழலும் ‘பசுமையான நாட்களும்’தான் வரும். கதைக்க விட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்.

எழுபது தாண்டியவர்களை முதலில் பிடியுங்கள். ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர் என்று மூன்று பேரை ஒரே வட்ஸ்அப் அழைப்பில் சேர்த்தால், வகுப்பில் அன்று வாயாடியாக இருந்தவன்தான் இன்றைக்கும் கதைப்பான். கடைசி வாங்கில் இருந்தவன் சிரித்துக்கொண்டே இருப்பான். நல்ல கதையெல்லாம் அவனிடம்தான் இருக்கும்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். ‘பள்ளி வாழ்க்கை எப்படி இருந்தது?’ என்றால் ‘சொர்க்கம்’ என்பார்கள், கதை முடிந்தது. ‘சைக்கிளை எங்க விட்டனீங்கள்?’, ‘இன்ரவலுக்கு என்ன வாங்கித் தின்டனீங்கள், காசு ஆர் தந்தது?’ என்று கேளுங்கள். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாமல் படித்தவர்களிடம் விளக்கைப் பற்றிக் கேட்டாலே போதும். ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கு, அதன் புகை, விடிய மூக்கைச் சிந்தினால் வந்த கரி எல்லாம் தானாக வரும். கிரிக்கெட் பைத்தியங்களிடம் ரேடியோவைப் பற்றிக் கேளுங்கள். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் வயரைக் கொழுவி, பெடலைச் சுற்றிச் சுற்றி வர்ணனை கேட்ட கூட்டம் அது. சுற்றினது ஆர் என்று கட்டாயம் கேளுங்கள். எல்லாரும் ‘நான்தான்’ என்பார்கள்.

வருடம் ஒருவருக்கும் சரியாக நினைவிராது. ‘யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதுக்கு முன்னமோ பின்னமோ?’ என்றால் 1981 பிடிபடும். இந்தியன் ஆமி வந்தது 1987, வலிகாமத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்தது 1995 ஒக்ரோபர். யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடக்கிற கிரிக்கெட் ‘பிக் மச்’ 1904இல் தொடங்கியது. அதை வைத்துக் காலம் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் ஆட்டம் நடக்காத வருடங்களும் இருக்கின்றன, ஓட்ட எண்ணிக்கையைப் பழைய பேப்பரில் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். ஆட்டமிழந்தவன் வீட்டில் இருந்து ஐம்பது அடித்துவிடுவான்.

வாத்திமாரின் பட்டப்பெயர் இல்லாத மலர் உப்பில்லாத கஞ்சி. பட்டப்பெயரைப் போடுங்கள், சொந்தப் பெயரை விடுங்கள். படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போன வகுப்புத் தோழர்களைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். ‘இதைப் போடலாமோ?’ என்று அன்றைக்கே கேட்காமல் ஒரு கிழமை விட்டுக் கேளுங்கள். வீட்டாரின் சம்மதமும் வேண்டும். வேண்டாம் என்றால் பதிவை அவருக்கே கொடுத்துவிட்டு உங்களிடம் உள்ளதை அழித்துவிடுங்கள்.

எழுத்தாக்கியதை அச்சுக்கு முன் சொன்னவருக்கு அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள் என்று, மதில் ஏறிக் குதித்துப் படம் பார்க்கப் போன பகுதியை வெட்டச் சொல்லுவார். அவரோடு மல்லுக்கட்டாதீர்கள், மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவ வெட்ட விடமாட்டா.