உறையைத் திருப்பிப் பாருங்கள்: மலைநாட்டில் சொக்லேட் தெரிவு செய்யும் முறை

சொக்லேட்டின் தரத்தைக் காட்டுவது அதிலுள்ள கொழுப்பு. நிறத்தையும் உறையில் மினுங்கும் எழுத்தையும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே கடையில் பார் கையில் வந்ததும் திருப்பிப் பிடித்து, சிறிய எழுத்தில் இருக்கும் சேர்பொருட் பட்டியலைப் படியுங்கள். எது கூடுதல் எடையோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். கொக்கோ மாஸ் (அரைத்த கொக்கோ விதை) முதலில் இருந்தால் அது அழுத்தமான டார்க் சொக்லேட். சீனி முதலில் இருந்தால் இனிப்பை நம்பிச் செய்த பார்.

அடுத்துக் கொழுப்பைத் தேடுங்கள். "கொக்கோ பட்டர்" (கொக்கோ விதையின் கொழுப்பு) என்றிருந்தால் அது உண்மையான சொக்லேட். கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகையில் உருகும், நம் உடம்பின் சூடு 37 பாகை. அதனால்தான் மேசையில் கல்லுப்போல இருக்கும் துண்டு நாக்கில் பட்டதும் கரைகிறது. கொக்கோ பட்டரே இல்லாமல், சீனிக்கு அடுத்ததாகத் தாவரக் கொழுப்போ பாம் கேர்னல் எண்ணெயோ இருந்தால் அது கொம்பவுண்ட். அந்தக் கொழுப்பு வாயில் முழுதாகக் கரையாது. மென்று விழுங்கிய பிறகும் அண்ணத்தில் மெழுகு பூசியதுபோல நிற்கும். ஆனால் பட்டியலில் கொக்கோ பட்டரும் இருந்து, தாவரக் கொழுப்பு கடைசிப் பக்கம் வந்தால் அதைக் கொம்பவுண்ட் என்று ஒதுக்க வேண்டாம். சொக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பு 5 வீதம் வரை சேர்க்கச் சர்வதேச உணவுத் தரம் இடம் கொடுக்கிறது.

கொம்பவுண்ட் மட்டம் என்று எண்ண வேண்டாம். விலை குறைவு, உருக்கி ஊற்றினால் தானாகவே பளபளப்பாக இறுகும். பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கின் மேல் பூசவும் பிஸ்கட் தோய்க்கவும் அதுவே வசதி. செய்யக்கூடாத காரியம் ஒன்றுண்டு: மிச்சமிருக்கிறதே என்று அதை உண்மையான சொக்லேட்டுடன் கலந்து உருக்குவது. இரு கொழுப்பும் ஒத்துப்போகாது. கலவை மெத்தென்று ஆகி, சில நாளில் மேலே வெளுக்கும்.

டார்க் வகைக்குக் குறைந்தது 35 வீதமும், பால் சொக்லேட்டுக்கு 25 வீதமும் கொக்கோ இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். வெள்ளைச் சொக்லேட்டில் கொக்கோவின் கறுப்புப் பகுதி துளியும் இல்லை. குறைந்தது 20 வீதம் கொக்கோ பட்டர், அதோடு பாலும் சீனியும்தான். "70%" என்ற எண்ணைக் கசப்பின் அளவு என்று நினைப்பவர்கள் பலர். அந்த எண்ணில் கொக்கோ பட்டரும் அடக்கம் என்பதால் 70 வீதப் பார்கள் இரண்டில் ஒன்று வழவழப்பாகவும் மற்றது வறண்டு கசப்பாகவும் இருக்கலாம். எஞ்சிய 30 வீதம் பெரும்பாலும் சீனி. 100 கிராம் பாரில் 30 கிராம் என்று கணக்குப் போடுங்கள். பால் சொக்லேட்டில் ஏறத்தாழ பாதி சீனிதான். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் 85 வீதத்தில் சின்னத் துண்டு பரவாயில்லை, ஆனால் அதிலும் சீனி உண்டு என்பதை மறக்கக்கூடாது.

பால் சொக்லேட்டே சாப்பிட்டுப் பழகியவர் நேரே 85-க்குத் தாவினால் முகம் சுளிப்பார். 50–55-இல் தொடங்கி ஏறுங்கள். கேக்குக்கும் 55–60 போதும். 55-க்கு எழுதிய செய்முறையில் 70-ஐப் போட்டால் சீனி குறைந்து கொக்கோ கூடும், கனாஷ் (சொக்லேட்டும் சூடான கிரீமும் சேர்ந்த கலவை) திரிந்து எண்ணெய் விடும். ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கிரீம் கூடுதலாக ஊற்றினால் சரியாகும். கனாஷுக்கு 100 மில்லிலீட்டர் கிரீமுக்கு டார்க் சொக்லேட் 100 கிராம், பால் சொக்லேட் 200, வெள்ளை 300. வெள்ளைக்கு மூன்று மடங்கு தேவைப்படுவதற்குக் காரணம், கிரீமை இறுக்கிப் பிடிக்கும் கொக்கோத் தூள் அதில் இல்லாததே.

கொக்கோத் தூளிலும் இரண்டு வகை. சாதாரணத் தூள் புளிப்புத் தன்மை கொண்டது, அப்பச்சோடாவுடன் சேர்ந்து கேக்கை எழுப்பும். காரம் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய தூள் கருமையாக இருக்கும், அதற்கு பேக்கிங் பவுடர் வேண்டும். உறையில் "அல்கலி" என்றோ 500, 501 என்ற எண்களோ இருந்தால் இரண்டாம் வகை. அதில் அப்பச்சோடா மட்டும் போட்டால் கேக் அமுங்கிப் போவதோடு சவர்க்கார வாடையும் வரும்.

இனி நம் ஊர்க் காலநிலை. தேயிலைக்குப் பிடித்த குளிர் கொக்கோ மரத்துக்கு ஆகாது. அது பெரும்பாலும் கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தாழ்ந்த சரிவுகளில் வளர்கிறது. செய்து முடித்த சொக்லேட் கேட்பது இதற்கு நேரெதிர்: 15–18 பாகைக் குளிர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இதற்குப் பிரிட்ஜ் தேவையில்லை, அறையே போதும். கண்டியிலும் மாத்தளையிலும், முக்கியமாக மார்ச், ஏப்ரலில் தேவைப்படும்.

ஆனால் குளிரோடு பனிமூட்டமும் ஈரமும் வருகின்றன. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வெயில் பட்டு வந்த பார் வழியில் இளகி, ஹட்டன் ஏறும்போது மறுபடி இறுகும். மேலே சாம்பல் பூத்தது போல வெள்ளை படிந்திருக்கும். பூஞ்சணம் என்று வீசிவிடாதீர்கள். விரலால் தேய்த்தால் வழுக்கிக் கரைந்தால் அது மேலே வந்த கொக்கோ பட்டர். சொரசொரப்பாக இருந்து, ஒரு சொட்டு நீரில் மறைந்தால் ஈரத்தில் கரைந்து காய்ந்த சீனி. இரண்டும் உண்ணத் தகுந்தவையே, தோற்றமும் கடிபதமும்தான் கெடும். பஞ்சு போல மயிர் விட்டிருந்தாலோ மக்கல் வாடை வந்தாலோ மட்டும் எறியுங்கள்.

பிரிட்ஜில் வைப்பதானால் உறையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் சில்லென்ற பாரின்மேல் வியர்வையாகப் படியும், மேலே சொன்ன சீனிப் பூத்தல் அங்குதான் தொடங்குகிறது. கொக்கோ பட்டர் வாசனையை இழுத்துக்கொள்ளும். கருவாடும் மசாலாத்தூளும் இருக்கும் அலுமாரியில் சொக்லேட்டுக்கு இடம் கிடையாது.

உருக்கும்போது எதிரி தண்ணீர். நாலைந்து சொட்டு போதும், சீனித் துகள்கள் ஒட்டிக்கொண்டு முழுச் சட்டியும் களிமண்ணாகிவிடும். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும் என்றாலும், 50 தாண்டக்கூடாத சொக்லேட்டுக்கு அதுவும் மிகை. தண்ணீரைச் சூடாக்கி அடுப்பை அணைத்த பிறகு, அதன் ஆவி வெளியே கசியாதபடி மேலே நன்றாகப் பொருந்தும் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீர் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கட்டிபட்டுவிட்டால் 50 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சுடுபால் ஊற்றிக் கிளறுங்கள். மறுபடி பாராகாது, ஆனால் நல்ல சோஸ் கிடைக்கும்.

அச்சில் வார்க்க வேண்டுமானால் டெம்பரிங் (உருக்கி, ஆற்றி, மறுபடி மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்துவது) அவசியம். டார்க் சொக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45–50 பாகைக்கு உருக்கி இறக்குங்கள். பொடியாக நறுக்கிய மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 28-க்குக் கொண்டுவந்து, மீண்டும் 31–32-க்கு மெல்லச் சூடாக்குங்கள். பால் சொக்லேட்டுக்கு முடிவுச் சூடு 29–30, வெள்ளைக்கு 28–29. கத்தி நுனியைத் தோய்த்து வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக இறுக வேண்டும். கோடு கோடாக வெளுத்தால் மறுபடி முதலிலிருந்து. குளிர் அறையில் எஃகுப் பாத்திரம் சட்டென்று ஆறிவிடும், அடியில் மடித்த துவாயை வையுங்கள். அச்சையும் பிரிட்ஜில் குளிர்விக்க வேண்டாம்.

வெளுத்துப்போன டார்க் பார் மிஞ்சிக் கிடந்தால் சூடாகக் குடிக்கும் சொக்லேட் செய்யலாம். 25 கிராமைச் சீவி, 150 மில்லிலீட்டர் சூடான பாலில் முதலில் மூன்று கரண்டியை மட்டும் விட்டுக் குழையுங்கள். கட்டி இல்லாமல் ஆனதும் மீதிப் பாலை ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். கடைசியில் ஒரு சிட்டிகை கறுவாத்தூள்.