எக்ஸ்-கதிர்ப் புள்ளிக்கு எந்த விண்மீன் சொந்தம்?

எண்ணூர்ப் புகையும் துறைமுக விளக்குகளும் வடசென்னை வானில் விண்மீன்கள் பிறக்கும் மேகமான ஓரியன் நெபுலாவை மங்கலாக்கிவிட்டன. ஆனால் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி, 2003 ஜனவரியில் அதே நெபுலாவை ஏறக்குறைய 10 நாள் நேரம் பார்த்துப் பிடித்த தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தண்டையார்பேட்டையில் ஒரு லேப்டாப்பும், வானியல் பட்டியல்களை ஒப்பிட உதவும் டாப்கேட் மென்பொருளும் இருந்தால், ஒவ்வொரு எக்ஸ்-கதிர்ப் புள்ளியும் எந்த விண்மீனிலிருந்து வருகிறது என்று தேடும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இதில் இறங்கும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எக்ஸ்-கதிர்ப் புள்ளிக்கு மிக அருகில் அகச்சிவப்புப் படத்தில் இருக்கும் விண்மீனையே மூலம் என்று எழுதிவிடுகிறார்கள். தீபாவளி நேரத்து எம்.சி. ரோட்டில் பக்கத்தில் நிற்பவரெல்லாம் நம் வீட்டு ஆட்களா என்ன? கொத்தாக விண்மீன்கள் பிறக்கும் மேகத்திலும் அதே நெரிசல்தான்.

எனவே முதலில் எக்ஸ்-கதிர், அகச்சிவப்பு என்ற இரண்டு பட்டியல்களின் ஆயங்களையும் (வானில் இருக்கும் இட எண்களையும்) ஒன்றோடொன்று பொருத்துங்கள். படத்தின் நடுவே இருக்கும் பிரகாசமான மூலங்களை 2மாஸ் என்ற அகச்சிவப்பு வான் கணக்கெடுப்பின் விண்மீன்களோடு ஒப்பிட்டு, சராசரி விலகலைக் கழித்துவிட வேண்டும். அப்புறம், படம் முழுக்க ஒரே தேடல் ஆரம் வைக்காதீர்கள். சந்திராவின் கூர்மை நடுவில் அரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) அளவு; ஓரத்தில் புள்ளி பல ஆர்க்செகண்ட் அகலத்துக்கு விரிந்துவிடும். ஆரமும் அதற்கேற்ப வளர வேண்டும். கடைசியாக, எக்ஸ்-கதிர்ப் பட்டியல் முழுவதையும் ஒரு 30 ஆர்க்செகண்ட் நகர்த்தி மறுபடி பொருத்திப் பாருங்கள். அப்போதும் கிடைக்கும் ஜோடிகள் தற்செயலானவை. இந்தச் சோதனை இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை. யூகேஐடிஎஸ்எஸ் போன்ற, 2மாஸைவிட ஆழமான அகச்சிவப்புப் பட்டியலில் மங்கலான விண்மீன்கள் ஏராளம் என்பதால், தற்செயல் ஜோடிகளும் கூடும்.

ஜோடியே கிடைக்காத மூலத்தை உடனே 'புதைந்திருக்கும் குழந்தை விண்மீன்' என்று அறிவிப்பதும் தவறு. ஓரியனில் கிடைத்த 1616 மூலங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை மேகத்துக்கு வெகுதூரம் பின்னாலுள்ள, கருந்துளை கொண்ட விண்மீன் மண்டலங்களாக (கேலக்ஸிகளாக) இருக்கலாம். அவற்றின் எக்ஸ்-கதிர் கடினமாக, அதாவது அதிக ஆற்றலோடு இருக்கும். இளம் விண்மீனைப் போல திடீரென்று வெடித்துப் பிரகாசித்து அடங்காது.

இன்னொன்று: அகச்சிவப்பு மிகை (விண்மீனைச் சுற்றிய தூசித் தட்டிலிருந்து வரும் கூடுதல் அகச்சிவப்பு ஒளி) இல்லை என்று ஒரு மூலத்தைக் கழித்துவிடாதீர்கள். தூசித் தட்டை இழந்த இளம் விண்மீன்களைக் கண்டுபிடிக்க எக்ஸ்-கதிர்தான் நல்ல வழி. நிறம் சிவந்திருப்பதால் மட்டும் தட்டு இருக்கிறது என்றும் ஆகாது. மேகத்தின் தூசியும் சிவப்பாக்கும். ஜே, ஹெச், கே என்ற அகச்சிவப்பு அலைப்பட்டைகளின் பிரகாச வேறுபாடுகளான ஜே-ஹெச், ஹெச்-கே நிறங்களைச் சேர்த்து வரைந்தால் இரண்டையும் ஓரளவு பிரிக்கலாம்.

சில இடங்களில் ஒரே தேடல் வட்டத்துக்குள் இரண்டு விண்மீன்கள் நிற்கும். சரி, இரண்டையும், எக்ஸ்-கதிர்ப் புள்ளியிலிருந்து அவை தள்ளியிருக்கும் தூரத்தோடு எழுதி வையுங்கள். பிரகாசமானதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.