தமிழ் வழியில் கேரள எஸ்.எஸ்.எல்.சி.: நான்கு பத்தி நோட்டும் பதினைந்து நிமிடமும்

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டின் மேசையைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வழிப் பாடநூல். மாலையில் டியூஷன், அது மலையாளத்தில். பக்கத்தில், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போன மாமா ஆசையாக வாங்கி வந்த தமிழ்நாட்டு கைடு. "இத்தனை இருந்தும் பிள்ளைக்கு ஏன் மார்க் ஏறவில்லை?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். இத்தனையும் இருப்பதுதான் காரணம் என்பது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது.

நான் இதே வழியில் படித்து, இயற்பியலில் உச்ச கிரேடான ஏ பிளஸைக் கைநழுவ விட்டவள். பிறகு என் தம்பி பத்தாவதுக்கு வந்தபோது என் தவறுகளையெல்லாம் அவனுக்காகத் திருத்திப் பார்த்தேன். அவனுக்குப் பலித்ததைத்தான் எழுதுகிறேன். தினமும் படி, சீக்கிரம் எழு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்வார்கள்.

1. கைடைப் பரணில் ஏற்றுங்கள்

தமிழில் இருக்கிறது என்பதற்காக அது நம் பாடம் ஆகிவிடாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வேறு, கேரளத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) பாடத்திட்டம் வேறு. நமக்குப் பத்துத் தாள்: முதல் மொழி இரண்டு, ஆங்கிலம், இந்தி, சமூக அறிவியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், ஐ.டி. பொள்ளாச்சியில் இருக்கும் என் அத்தை பிள்ளைகளுக்கு இந்தித் தாள் என்றாலே வேடிக்கை. நமக்கோ அது 40 மார்க்.

ஒரே கணக்கையும் இரண்டு புத்தகங்களும் வெவ்வேறு விதமாக அணுகும். 7, 11, 15 என்று போகும் தொடரில் 103 வருமா? தமிழ்நாட்டு கைடு முதல் உறுப்பு, பொது வித்தியாசம் என்று சூத்திரத்தில் போட்டுச் செய்யும். நம் புத்தகம், எல்லா உறுப்பையும் 4 ஆல் வகுத்தால் மீதி 3 என்பதைப் பார்க்கச் சொல்லும். 103ஐ வகுத்தாலும் மீதி 3, ஆகவே அது தொடரில் உண்டு. 3ஐக் கழித்து 4 ஆல் வகுத்தால் 25, ஆகவே 25ஆம் உறுப்பு. இரண்டு வழியிலும் விடை ஒன்றுதான். ஆனால் "ஏன் 104 வராது என்று விளக்குக" என்று கேட்டால், சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவன் விழிப்பான். என் தம்பி விழித்தான்.

2. நான்கு பத்தி நோட்டு

என் சறுக்கல் இங்கேதான். இயற்பியல் பரீட்சையில் நிறப்பிரிகைக்கும் ஒளிச்சிதறலுக்கும் வேறுபாடு கேட்டிருந்தார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் நான் படித்த டியூஷனில் அவை 'பிரகீர்ணனம்', 'விசரணம்'. எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்று அந்த நிமிடத்தில் குழம்பி, முப்பட்டகத்தைச் சிதறலிலும் வானத்தின் நீலத்தை நிறப்பிரிகையிலும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பாடம் தெரிந்திருந்தும் சொல் இடம் மாறியதில் மார்க் போயிற்று.

அதனால் தம்பிக்கு ஜூன் மாதமே ஒரு நீள நோட்டு வாங்கினேன். கோடு போடாதது, 200 பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகப் பிரித்தோம்.

முதல் பத்தியில் டியூஷனில் காதில் விழும் மலையாளச் சொல். அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். இரண்டாவதில் நம் பாடநூலில் அச்சிட்டிருக்கும் தமிழ்ச் சொல். மூன்றாவதில் ஆங்கிலம். நான்காவதில் பாடநூலின் பக்க எண்.

தம்பியின் நோட்டிலிருந்து சில வரிகள்: தொடுவர என்றால் தொடுகோடு. வியாசம் என்றால் விட்டம் (கட்டுரை என்று நினைத்துச் சிரித்தான்). பலம் என்றால் விசை. மர்த்தம் என்றால் அழுத்தம். சாத்தியத என்றால் நிகழ்தகவு. நிஸ்ஸஹகரணம் என்றால் ஒத்துழையாமை.

இவற்றில் பொல்லாதது 'பிரதிரோதம்'. இயற்பியல் வகுப்பில் அது மின்தடை. மறுநாள் உயிரியல் வகுப்பில் 'ரோக' என்ற சொல் முன்னால் சேர்ந்து வந்தால் நோய் எதிர்ப்பு. மலையாளத்தில் ஒரே சொல், தமிழில் பாடத்துக்குப் பாடம் வேறு. இப்படிப்பட்டவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

பக்க எண் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் இந்த நோட்டால் பயனே இல்லை. பக்கத்தைத் தேடிப் போனால்தான் நம் புத்தகம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதா, வேறு சொல்லையா என்பது தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூலில் பார்த்த சொல்லும் கேரளத் தமிழ்ப் பாடநூல் சொல்லும் சில இடங்களில் ஒத்துப்போகாது. எது அழகான தமிழ் என்று வாதம் செய்ய இது நேரமில்லை, நம் புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள். ஒரு வாரமாகியும் பக்க எண் கிடைக்காத சொல்லைப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். முதல் வாரத்தில் உற்சாகமாக அறுபது எழுதிவிட்டு இரண்டாம் வாரத்தில் நோட்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் ஸ்கேலை வைத்து இரண்டாம் பத்தியை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பத்தி இந்தப் பரீட்சைக்குத் தேவையில்லை. ஆனால் பிளஸ் ஒன் போனதும் அறிவியல் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் வந்து நிற்கும், அன்று இந்த நோட்டு கை கொடுக்கும்.

3. பழைய கேள்வித்தாள், கொஞ்சம் கவனமாக

தமிழ் வழிக்குக் கேள்வித்தாள் தமிழிலேயே வருகிறது, ஆகவே பழைய தாள்களையும் தமிழிலேயே தேடுங்கள். பாடநூல்களுக்குக் கேரளக் கல்வித்துறையின் 'சமக்ர' இணையதளம் இருக்கிறது. அதில் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திவிடாமல் வழிமொழியையும் தமிழ் என்று மாற்ற வேண்டும். நான் அதைச் செய்யாமல், தமிழில் புத்தகமே இல்லை என்று ஒரு மாலை முழுவதும் புலம்பினேன்.

இரண்டு எச்சரிக்கைகள். 2021 தாளை வைத்து நேரம் பழகாதீர்கள். கொரோனா காலத்தில் தேர்ந்தெடுத்து எழுத ஏராளமான கேள்விகள் கொடுத்தார்கள். 2022இலும் ஃபோகஸ் ஏரியா என்று பாடத்தில் ஒரு பகுதிக்கு முன்னுரிமை இருந்தது. அந்தத் தாள்களில் நல்ல மார்க் வந்தால் மனம் குளிரும், அவ்வளவுதான். அடுத்தது, பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் 2025இல் மாறிவிட்டன. அதற்கு முந்தைய தாளை எடுத்தால், முதலில் புதிய புத்தகத்தைத் திறந்து, இல்லாத பாடத்தின் கேள்விகளை அடித்துவிடுங்கள். அண்ணனுடைய பழைய நோட்டை நம்பியிருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

மொபைலில் பார்த்துப் பயிற்சி செய்ய வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுங்கள். திரையில் படிக்கும் கேள்வியும் தாளில் படிக்கும் கேள்வியும் எனக்கு ஒன்றாகத் தோன்றியதே இல்லை.

4. மாதங்கள்

ஓணத்தையொட்டி வரும் முதல் பருவப் பரீட்சை வரை நோட்டு மட்டும். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பிறகு வாரம் இரண்டு தாள். பிப்ரவரியில் மாடல் பரீட்சை, மார்ச்சில் பெரிய பரீட்சை. இடையில் ஐ.டி. செய்முறையும் வந்துவிடும். அதில் கேள்வி சொல்லும் இடத்தில், சொல்லும் பெயரில் கோப்பைச் சேமித்துப் பழகுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் பள்ளி ஆய்வகத்தில் வெட்கப்படாமல் கூடுதல் நேரம் கேளுங்கள்.

5. கூல் ஆஃப் நேரம்

கேள்வித்தாள் கையில் வந்ததும் முதல் 15 நிமிடம் வாசிப்பதற்கு மட்டும். 40 மார்க் தாளுக்கு அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், 80 மார்க் தாளுக்கு இரண்டரை மணி நேரம். இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பலரும் முதல் கேள்வியின் விடையை யோசித்தே கழிக்கிறார்கள். நானும் அப்படித்தான் கழித்தேன். பிறகு ஐந்தில் மூன்று எழுதினால் போதும் என்ற இடத்தில் ஐந்தையும் எழுதி, கடைசிப் பக்கத்தை அரைகுறையாக விட்டேன்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது தம்பி பேனாவை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சுவர்க் கடிகாரத்தில் 15 நிமிடம் முடிந்ததும் அம்மா பேனாவைத் தருவார். அதற்குள் மூன்று வேலை: தாளைக் கடைசி வரி வரை ஒருமுறை வாசிப்பது. 'ஏதேனும்' என்ற சொல் எங்கெங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்து, எவற்றை விடுவது என்று முடிவு செய்வது. எந்தக் கேள்வியில் தொடங்குவது என்று தீர்மானிப்பது. முதல் இரண்டு வாரம் கை பரபரத்து மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாம் வாரம் அடங்கிவிட்டான்.

நேரக் கணக்கு எளிது. 40 மார்க் தாளில் மார்க்குக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 80 நிமிடம் போகும், பத்து மிஞ்சும். 80 மார்க் தாளில் மார்க்குக்கு ஒன்றே முக்கால் நிமிடம், அங்கும் பத்து மிஞ்சும். அந்தப் பத்தில் கேள்வி எண்களைச் சரிபாருங்கள்.

பேனா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: சாதாரண நீலப் பால்பாயிண்ட். மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் உள்ளங்கை வியர்த்து, ஜெல் பேனா எழுத்தெல்லாம் மேகமாகிவிடும்.

பின்சேர்க்கை

மூணாறு தோட்டப் பகுதியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, எங்களுக்கு மலையாள டியூஷனே இல்லை, அப்படியிருக்க முதல் பத்தி எதற்கு?" சரிதான். டியூஷன் இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியிலோ மொபைலிலோ மலையாள வகுப்புகளைப் பார்ப்பவராக இருந்தால் அந்தப் பத்தி வேண்டும். அதுவும் பார்ப்பதில்லை என்றால் மூன்று பத்தி போதும். அந்தப் பத்தியில் மிஞ்சும் இடத்தில் படங்கள் வரைந்து பாகங்களுக்குப் பெயர் குறித்துப் பழகுங்கள். கண், மூளை, மின்சுற்று ஆகிய படங்களில் பாகங்களின் பெயரைப் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் எழுதியது எங்கள் வகுப்பில் நான் மட்டுமல்ல.