யோகாவைப் பாதியில் விடவைக்கும் தவறுகள்

புத்தாண்டு, ஜூன் 21 யோகா தினம், டாக்டர் "சுகர் பார்டர்ல இருக்கு, பார்த்துக்கோங்க" என்று சொன்ன மறுநாள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் யோகா ஆரம்பிப்பது இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான். ஜூனில் பாய் விரித்தவர்களில் ஆடி பிறக்கும்போதும் விடாமல் செய்துகொண்டிருப்பவர்கள் குறைவு. விட்டவர்களைக் கேட்டால் நேரமில்லை, உடம்பு வளையவில்லை, முட்டி வலி வந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் இவர்கள் அதிக ஆர்வத்தோடு வந்தவர்கள். தாங்குகிற அளவுக்கு மேல் ஆரம்பித்ததுதான் பிரச்சினை, அது நேரமாக இருந்தாலும் சரி, உடம்பை வளைப்பதாக இருந்தாலும் சரி, எதிர்பார்ப்பாக இருந்தாலும் சரி.

இது இன்றைக்கு முளைத்த பிரச்சினையும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு நூலான ஹடயோகப் பிரதீபிகை, யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது மிதமிஞ்சிய சாப்பாடு. இரண்டாவதே மிதமிஞ்சிய முயற்சிதான். வீண் பேச்சும் அலைபாயும் மனமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

நேரத்திலிருந்து தொடங்குவோம், அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் செய்யப்போகிறேன் என்று தீர்மானம் எடுப்பார்கள். அதிகாலை நல்ல நேரம்தான். வயிறு காலியாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது, வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிறவரும், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கவே பதினொரு மணி ஆகிவிடுகிற அம்மாவும் நாலரைக்கு எழ வேண்டுமென்றால் தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டும். ஒரு வாரம் வைராக்கியத்தில் ஓடும். அப்புறம் ஒருநாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுப்பார்கள், அன்றைக்கே "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று முடிவும் கட்டிவிடுவார்கள். சரிப்பட்டு வராதது நாலரை மணி மட்டும்தான்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்குச் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணி அருமையான நேரம். பகல் முழுக்க நடமாடியதில் மூட்டும் தசையும் காலையைவிட இளகியிருக்கும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, ஏற்கெனவே தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துக்கொள்வது நிலைக்கிறது. பல் தேய்த்ததும், அல்லது ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவியதும், காபிக்கு முன்னால். எந்த வேலையோடு என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது, ஆனால் அதை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஆரம்பத்தில் கால் மணி நேரம் போதும் என்பேன். அதில் என்ன செய்துவிட முடியும் என்று சிலர் தயங்குவார்கள், நிறையச் செய்யலாம். நேராக நின்று மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்கி, விட்டுக்கொண்டே இறக்குவது ஆறேழு தடவை. முட்டியும் உள்ளங்கையும் தரையில் ஊன்றி முதுகை மேலும் கீழும் அசைக்கும் மார்ஜரி ஆசனம் ஐந்தாறு சுற்று. குப்புறப் படுத்து, தொப்புள் தரையிலிருந்து எழாத அளவுக்குத் தலையையும் மார்பையும் தூக்கும் புஜங்காசனம் இரண்டு மூன்று முறை, உடனே குதிகாலில் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனம். மல்லாந்து படுத்து முட்டிகளை வலமும் இடமும் சாய்ப்பது. கடைசியாக நாலைந்து நிமிடம், மல்லாந்து அசையாமல் படுத்திருக்கும் சவாசனம். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு, பெரிய உடல்நலப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு, இதுவே போதும். நாளைக்கும் செய்யலாம் என்று தோன்றும்போதே முடித்துவிட வேண்டும்.

அந்தச் சவாசனத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள், "சும்மா படுத்திருப்பதற்கு எதற்கு நேரம்" என்று. தயவுசெய்து வெட்டாதீர்கள். நேரமில்லாத நாளில் வேறு ஏதாவது இரண்டு ஆசனத்தை விடுங்கள். இழுத்து வேலை வாங்கிய தசை தளர்வதற்கும், மூச்சும் இதயத் துடிப்பும் இறங்கி அடங்குவதற்கும் உள்ள நேரம் அது. ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்குச் சவாசனம் பழகுவது பெரிய உதவி.

வெறும் வயிறு விஷயத்துக்கு வருகிறேன். முழுச் சாப்பாடு என்றால் மூன்று நான்கு மணி நேரமும், இரண்டு இட்லி மாதிரி லேசான டிபன் என்றால் இரண்டு மணி நேரமும் இடைவெளி விடுவது பொதுவான வழக்கம். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. காலையில் எதுவும் சாப்பிடாமல் முக்கால் மணி நேரம் உடம்பை வருத்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் அது யோகாவின் பலன் இல்லை, சர்க்கரை குறைந்ததன் அறிகுறி. உடனே நிறுத்திவிட்டுச் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போது, எதைச் சாப்பிட்டுவிட்டுச் செய்வது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விட்டுப்போன நாட்கள். ஊரில் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், மாதக் கடைசியில் ஆபீஸ் வேலை, இதெல்லாம் வரத்தான் செய்யும். நாலு நாள் விட்டுப்போனதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வருத்திக்கொள்வது வேண்டாம். அதுவும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் வழக்கத்தில் பாதியோடுதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். வெளியூரில் இருந்தால் ஐந்து நிமிடம் நின்று மூச்சோடு கையைத் தூக்கி இறக்கினாலும் போதும், பழக்கம் அறுந்துபோகாது.

அடுத்தது, உடம்பை அடக்கி வளைப்பது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், இதில் வரும் காயங்கள் சீக்கிரம் ஆறாது. பத்மாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யோகா என்றாலே அதுதான் என்ற படம் எல்லோர் மனதிலும் இருப்பதால், முதல் வாரத்திலேயே பாதத்தைப் பிடித்து இழுத்து எதிர்த் தொடையில் ஏற்றப் பார்க்கிறார்கள். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கவும் நீளவும் செய்யும், திருகுவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பில், தொடை எலும்பு பொருந்துகிற பந்துக் கிண்ண மூட்டிலிருந்துதான் வர வேண்டும். வருஷக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த மூட்டு இறுகியிருக்கும். அது திரும்பாதபோது பாதத்தை இழுத்தால் அந்தத் திருகல் முழுவதும் முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பில் போய் விழுகிறது. வலி அன்றைக்கே வராது, மாடிப்படி இறங்கும்போது ஒருநாள் தெரியும்.

சாதாரணச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால்கள் இரண்டும் இடுப்பைவிட உயரமாக நிற்கிறதா? அப்படியென்றால் ஒரு போர்வையை நாலாக மடித்து அடியில் போட்டு, இடுப்பை உயர்த்தி உட்காருங்கள். முட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கும், முதுகும் நிமிரும். அதிலேயே தினமும் சில நிமிடம் உட்காருவது போதும். பத்மாசனம் ஆயுள் முழுக்க வராமலே போனாலும் ஒரு குறையும் இல்லை.

கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்திலும் இதே கதைதான். கால்விரலைத் தொட்டே ஆக வேண்டும் என்று முதுகைக் கூன்போட்டு எட்டுவார்கள். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் இடுப்பு முன்னால் சாயாது, வளைவு மொத்தமும் கீழ்முதுகின் மேல் இறங்கும். முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள், பாதத்தில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லும்வரை இதைச் செய்யவே வேண்டாம். தசையின் நடுப்பகுதியில் பரவலாக இழுப்பது சரி, அது பழகிவிடும். மூட்டுக்குள் குத்துவது, காலுக்குச் சுரீரென்று இறங்குவது, மரத்துப்போவது, இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த ஆசனத்திலிருந்து மெதுவாக வெளியே வந்துவிட வேண்டும்.

மூச்சைக் கவனித்தாலே இந்தத் தவறுகளில் பாதி குறையும். ஒரு ஆசனத்தில் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுகிறீர்கள் என்றால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். மார்பு விரியும்போது உள்ளே, குனியும்போதும் திரும்பும்போதும் வெளியே, பெரும்பாலான அசைவுகளுக்கு இது பொருந்தும். கஷ்டமில்லாமல் ஐந்து மூச்சு விட முடிகிற தூரம்வரை போனால் போதும். சூரிய நமஸ்காரத்தை நூற்றெட்டு செய்கிறேன் என்று போட்டி போடுகிறவர்களைப் பார்த்தால் பன்னிரண்டாவது சுற்றிலேயே மூச்சும் அசைவும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருக்கும், மணிக்கட்டும் தோளும் பாரத்தைத் தாங்க முடியாமல் சரியும். நிதானமாக நாலு சுற்று செய்வது எவ்வளவோ மேல்.

டி.வி.யைப் பார்த்து வயிற்றை வேகமாகக் குத்திக் கபாலபாதி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எல்லோருக்குமான மூச்சுப் பயிற்சி இல்லை. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதிக நாள் ஆகாதவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியை, மூச்சை நிறுத்திப் பிடிக்காமல் மெதுவாகச் செய்வது ஆரம்பத்துக்குப் பொருத்தமானது.

சிரசாசனமும் அப்படித்தான். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகியவர்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று காட்டினார்கள். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவர்கள், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. கண் நீர் அழுத்த நோய் நாற்பது வயதுக்கு மேல் சத்தமில்லாமல் வரக்கூடியது என்பதால், அந்த வயதில் ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சர்வாங்காசனத்தை வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் இன்னொரு ஆபத்தான காரியமும் செய்கிறார்கள். காலை மேலே தூக்கிய நிலையில், அடுத்து என்ன என்று பார்க்கப் பக்கத்தில் இருக்கும் போன் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள். உடம்பின் பாரம் தோளிலும் கழுத்திலும் இருக்கும்போது கழுத்தைத் திருப்பவே கூடாது. சுவரில் கால்களைச் சாய்த்து மல்லாந்து படுப்பது வீட்டில் தனியாகச் செய்பவர்களுக்குப் பாதுகாப்பானது, களைப்பும் போகும்.

வீடியோவில் குதித்து, தாவி, வேகமாக ஓடுகிற யோகாவைப் பார்த்து அதுதான் அசல் என்று நினைப்பவர்கள் யோகா ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் இளம் பையன்களுக்கு அவர் கடுமையான பயிற்சி கொடுத்தார். பி.கே.எஸ். அய்யங்காரும் பட்டாபி ஜோயிஸும் அங்கே படித்தவர்கள், உலகம் முழுக்கப் பரவிய யோகாவில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தது. அதே ஆசான் பிற்பாடு சென்னைக்கு வந்து, நூறு வயதில் 1989-ல் மறையும்வரை இங்கேதான் இருந்தார். இங்கே தம்மிடம் வந்தவர்களின் வயதையும் நோயையும் வேலையையும் பார்த்து ஆளுக்குத் தகுந்த மாதிரி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். பதினாறு வயதுப் பையனுக்கான பயிற்சியை ஐம்பது வயதில், ஐ.டி. வேலைக் கழுத்து வலியோடு செய்யப் பார்ப்பது சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

பாய், துணிமணி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். டைல்ஸ் தரையில் ஜமக்காளம் மட்டும் வேண்டாம், கையை ஊன்றிச் சாயும்போது வழுக்கிவிடும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் யோகா செய்ததும் பி.பி. குறைந்திருக்கிறது என்று தாங்களாகவே மாத்திரையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் குறைத்தது. டாக்டர் அளவைக் குறைத்தால் சந்தோஷம், நீங்களாகக் குறைக்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை, வலிப்பு எல்லாவற்றுக்கும் இதேதான்.

கடைசியாக, எவ்வளவு கவனமாக இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு மாதமாவது நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது, முதுகு கூன்போடுவது நமக்கே தெரியாது. வேதாத்திரி மகரிஷி வழியில் நடக்கும் மனவளக்கலை மன்றங்கள் சிறிய ஊர்களில்கூட இருக்கின்றன, அங்கே சொல்லித்தரும் எளியமுறை உடற்பயிற்சி வயதானவர்களுக்கும் ஒத்துவரும். நோயோடு வருகிறவர்களுக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் சரி, முதல் நாள் ஒன்றைக் கவனியுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா, எங்கே வலி இருக்கிறது என்று அந்த ஆசிரியர் கேட்கிறாரா? கேட்காமலே நேராகச் சூரிய நமஸ்காரத்தில் நிறுத்தினாலோ, உங்கள் முதுகில் கையை வைத்து அழுத்திக் குனியவைத்தாலோ, கட்டிய பணம் போனால் போகட்டும், வேறு இடம் பாருங்கள்.