கினபதங்கான் படகுப் பயணம்: நம்மாட்கள் செய்கிற தவறுகள்

பெரம்பூர், வண்ணாரப்பேட்டைப் பக்கமிருந்து மலேசியா போகிறவர்கள் பத்துமலை, கென்டிங் என்று முடித்துக்கொண்டு திரும்புவது வழக்கம். இப்போது சிலர் போர்னியோ தீவின் சபா மாநிலம் வரை போகிறார்கள். அங்கே 560 கிலோமீட்டர் ஓடுகிறது கினபதங்கான் ஆறு. கரையோரக் காட்டில் ஒராங்குட்டான், நீள்மூக்குக் குரங்கு, குள்ள யானை, முதலை, எட்டு வகை இருவாச்சி. கைடோடு படகில் போய்ப் பார்க்கலாம். செலவு ஜாஸ்தி, அதனால் சொதப்பாமல் போக வேண்டும்.

முதல் தவறு ஊரிலேயே நடந்துவிடுகிறது: ஒரு ராத்திரி பேக்கேஜ். சபாவின் சண்டகான் நகரத்திலிருந்து ஆற்றங்கரைக் கிராமமான சுக்காவுக்குச் சாலையில் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒரு ராத்திரி என்றால் ஒரு மாலைப் படகு, ஒரு காலைப் படகு, அவ்வளவுதான். மழை பிடித்தால் அதிலும் ஒன்று போச்சு. வண்டலூர் மாதிரி கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே நடக்கிற இடமல்ல. கோலாலம்பூர் ஷாப்பிங்கைக் குறைத்தாவது இரண்டு ராத்திரி போடுங்கள்.

அரையாண்டு லீவில் போகலாம் என்று டிசம்பருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். நமக்கு மழை தருகிற வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும் அப்போது கொட்டும். மே மாதம் எவ்வளவோ தேவலை.

பைனாகுலர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 20 மடங்கு பெரிதாகக் காட்டும் என்றதும் அதையே வாங்கிவிடுவார்கள். ஆடுகிற படகில் அந்த 20 மடங்கு, கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். குரங்கு கண்ணாடிக்குள் நிற்கவே நிற்காது. மேலே 8x42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். 8 என்பது பெரிதாக்கும் மடங்கு, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலம்தான் அந்திநேரத்தில் வெளிச்சத்தை உள்ளே வாங்கித் தரும். நீள்மூக்குக் குரங்குகள் தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். வாங்கியதைப் பழவேற்காட்டுக் கரையில் நின்று பூநாரைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டு போங்கள்.

காலைப் படகைத் தூக்கத்துக்காக விடுவது இன்னொன்று. அங்கே 6 மணி என்றால் நம் உடம்புக்கு 3.30. காசிமேட்டு ஏலத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மற்றவர்கள் முந்தின ராத்திரி சீக்கிரம் படுத்துவிட வேண்டியதுதான்.

காட்டுக்குள் நடக்கப் போனால் அட்டை ஏறும், அது நிச்சயம். எம்.சி. ரோட்டில் ஜீன்ஸ் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நனைந்தால் அந்த ஈரக்காற்றில் காயவே காயாது. சீக்கிரம் உலரும் முழு பேன்ட், அதன் மேல் முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை (லீச் சாக்ஸ்), இதுதான் சரி. கடித்துவிட்டால் உப்பு, லைட்டர் எதுவும் வேண்டாம். அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

படகில் கையைத் தண்ணீரில் விட்டு அளையாதீர்கள், முதலை உள்ள ஆறு. வாழைப்பழம் வீசுவதும் கூடாது. நீள்மூக்குக் குரங்கின் வயிறு இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கிற பல அறை வயிறு. இனிப்பான பழுத்த பழம் போனால் உப்பிச் செத்தே போகலாம். ஒராங்குட்டானுக்கு நம் சளி தொற்றும், இருமலோடு கிட்டே போகாதீர்கள்.

யானை தெரியவில்லை என்று கைடிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. கரையில் அடர்காடு போலத் தெரிவது பல இடங்களில் ஒரு பட்டைதான், பின்னால் எண்ணெய்ப்பனைத் தோட்டம். போக்கிடம் குறைந்ததால்தான் விலங்குகள் ஆற்றோரம் இவ்வளவு கூடுகின்றன. யானைக் கூட்டம் இன்றைக்கு எந்த வளைவில் நிற்கும் என்று எந்தக் கைடாலும் உத்தரவாதம் தர முடியாது.

கடைசியாக, பாஸ்போர்ட்டை செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து போவது உள்நாட்டு விமானம்தான் என்றாலும், சபாவில் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி மறுபடி கேட்பார்.